இடித்தவரே கட்டினார்

இடிபட்ட கட்டடங்கள் – 7

நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கியபோது, அதைத் தடுக்க அந்த நகரத்தில் சட்டம் இல்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் லண்டன். இங்கே சட்டம் இருந்தது, மீறினார்கள்.

மைடா வேல் பகுதியில் 'கார்ல்டன் டேவர்ன்' என்றொரு பப். 1920-21-ல் கட்டியது. அரண்மனையோ கோபுரமோ அல்ல. செங்கல் சுவர், முகப்பில் மெருகேற்றிய ஓடுகள், மாலையில் தெருக்காரர்கள் கூடிப் பேச ஓர் இடம், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குத் தப்பிய கட்டடம்.

உரிமையாளரான நிறுவனம், இதை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்ட அனுமதி கேட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை மறுத்தது. பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இதைச் சேர்க்கும் வேலையும் முடியும் தறுவாயில் இருந்தது. 2015 ஏப்ரலில், ஈஸ்டர் திங்கட்கிழமை, சரக்குக் கணக்கெடுப்பு என்று சொல்லிக் கடையை மூடச் சொன்னார்கள். நடத்திவந்த பெண்மணியும் நம்பி மூடினார். புதன்கிழமை, ஏப்ரல் 8, இயந்திரங்கள் வந்து நின்றன. பெரும்பகுதி சரிந்துவிட்டது.

இப்படி நடந்தால் வழக்கமாக என்ன ஆகும்? அபராதம் விதிப்பார்கள். கட்டுபவர் அதையும் ஒரு செலவாக எழுதிக்கொண்டு மாடி எழுப்புவார். வெஸ்ட்மின்ஸ்டர் அப்படி விடவில்லை. இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டு என்று உத்தரவிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்து, 2016-ல் விசாரணை நடந்து, அங்கேயும் தோற்றது.

இருந்தபடி என்றால் எப்படி இருந்தது? அந்தக் கேள்விக்குப் பதில் கையில் இருந்ததால்தான் உத்தரவுக்கு உயிர் வந்தது. உரிமையாளர் ஏதாவது செய்துவிடுவார் என்று முன்பே சந்தேகப்பட்ட அக்கம்பக்கத்தார், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பை அணுகியிருந்தார்கள். அதனால் முகப்பு ஓடுகளுக்கு அச்சு எடுத்தாயிற்று, கட்டடம் முழுவதும் பதிவாயிற்று. அந்தத் தெருக்காரர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 2021 ஏப்ரலில் கார்ல்டன் டேவர்ன் மறுபடி திறந்தது.

இடிக்க அனுமதி வாங்குவதை முத்திரை, கட்டணம், அலைச்சல் என்றே பார்த்துப் பழகிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறந்து பேச அவருக்குக் கிடைக்கும் ஒரே அவகாசம் அது. சுவர் விழுந்த பிறகு பேசி என்ன பயன்? கார்ல்டன் டேவர்ன் திரும்பி வர ஆறு ஆண்டுகள் ஆயின. அதுவும் ஆயிரத்தில் ஒன்று.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பழைய கட்டடம் இருக்கும். பள்ளியோ, சத்திரமோ, தூண் வைத்த திண்ணை வீடோ. இந்த வாரமே போய் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கதவு, சன்னல், தூண் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இடிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால், உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய் அனுமதி கொடுத்தீர்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

(தொடரும்)