கானமயிலைக் காணப் போகிறீர்களா?

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே சுமார் 3,160 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது பாலைவனத் தேசியப் பூங்கா. அங்கே சுதாசரி புல்வெளியில், உள்ளூர் வழிகாட்டியுடன் ஜீப்பில் அதிகாலையிலேயே புறப்பட்டால் கானமயிலைக் காணும் வாய்ப்பு உண்டு. மயிலினம் அல்ல இது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். நன்கு வளர்ந்த ஆண் பறவையின் எடை 15 கிலோ வரை போகும். இவ்வளவு கனத்தோடும் பறக்கிறது என்பதே வியப்பு!

ஒரு காலத்தில் தமிழகம் வரை பரவியிருந்த பறவை. இன்று இயற்கைச் சூழலில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்தச் சரிவுக்கு வேட்டையும் புல்வெளி அழிவும் பழைய காரணங்கள். இப்போதைய பெரிய எமன் மின்கம்பிதான். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ள கம்பி தெரிவதில்லை. தெரிந்தாலும் கனத்த உடலைச் சட்டென்று திருப்ப முடிவதில்லை. இடுவதும் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறுந்தரையில். எனவே ஓர் இழப்பை ஈடுகட்ட ஆண்டுகள் ஆகும்.

பார்க்கச் செல்பவர்கள் வழிகாட்டியின் சொல்லை மீறாதீர்கள். வண்டியை விட்டு இறங்கிப் பறவையை நெருங்க வேண்டாம். தொலைநோக்கி போதும்.