எக்ஸ் கதிர் கட்டமாறுபாட்டு சி.டி. முறையில் பொருள்களைப் பிரித்தறிதல்

எக்ஸ் கதிர் கட்டமாறுபாட்டு சி.டி. என்பது, ஒரு பொருள் எக்ஸ் கதிரை எவ்வளவு உட்கவர்கிறது என்பதோடு, அக்கதிர் அலையின் கட்டத்தை எவ்வளவு நகர்த்துகிறது என்பதையும் பயன்படுத்தி, பொருளின் உட்பகுதியை முப்பரிமாணத்தில் காட்டும் முறையாகும். சாதாரண சி.டி. படத்தில் ஒன்றாகத் தோன்றும் இரு பொருள்களை இதனால் பிரித்தறிய முடியும்.

நீரையும் அக்ரிலிக் நெகிழியையும் எடுத்துக்கொள்வோம். சுமார் 35 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இரண்டும் எக்ஸ் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் உட்கவர்கின்றன. அக்ரிலிக் அடர்த்தி மிக்கது; ஆனால் அதில் கார்பனே மிகுதி. நீரிலோ, கார்பனைவிட அணு எண் கூடிய ஆக்சிஜன் மிகுதி. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடுவதால் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாக வரும். கட்ட நகர்வு அப்படியன்று. அது பெரும்பாலும் எலக்ட்ரான் அடர்த்தியையே சார்ந்தது. அக்ரிலிக்கின் எலக்ட்ரான் அடர்த்தி நீரைவிட ஏறத்தாழ 15% கூடுதல். ஆகவே கட்டப்படத்தில் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

கட்டப்படம் மட்டுமே போதும் என்று கொள்வதும் தவறு. எலக்ட்ரான் அடர்த்தி ஒத்த இரு பொருள்களை அது பிரித்துக் காட்டாது. கட்டத்திலிருந்து எலக்ட்ரான் அடர்த்தியும், அதனுடன் உட்கவர்தலையும் சேர்த்துக் கணக்கிட்டால் பயனுறு அணு எண்ணும் கிடைக்கும். இவ்விரண்டையும் கொண்டே இது இன்ன பொருள் எனச் சொல்ல இயலும்.

எக்ஸ் கதிருக்கு நீரின் ஒளிவிலகல் எண் 1-லிருந்து ஒரு கோடியில் இரண்டு மூன்று பங்கு மட்டுமே குறைவு. இத்தனை சிறியதாயினும், மென்திசுக்களில் உட்கவர்தலுக்குரிய எண்ணைவிட இது ஆயிரம் மடங்கு அளவுக்குப் பெரியது. சிக்கல் என்னவெனில், உணர்கருவிகள் செறிவை மட்டுமே பதியும். கட்டத்தை நேரடியாகப் பதியமாட்டா. கட்டத்தைச் செறிவு மாற்றமாக ஆக்கும் படிகக் குறுக்கீட்டுமானியை 1965-இல் போன்சே, ஹார்ட் ஆகியோர் அமைத்தனர். 2006-இல் பிஃபைஃபர் குழுவினர் கீற்றணிகளைக் கொண்டு சாதாரண எக்ஸ் கதிர்க் குழாயிலேயே இதனைச் செய்து காட்டினர்.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் கரியாகிப்போன ஹெர்குலேனியம் பாப்பிரஸ் சுருள்கள் இம்முறைக்குக் கடுமையான தேர்வு. தாளும் கரி, மையும் கரி. உட்கவர்தலில் வேறுபாடு மிகக் குறைவு. பிரித்தால் சுருள் நொறுங்கும். பிரான்சின் கிரனோபிள் நகரிலுள்ள சிங்க்ரோட்ரானில் கட்டமாறுபாட்டுப் படமெடுத்து, பிரிக்காத சுருளினுள் சில கிரேக்க எழுத்துகளைக் கண்டதாக விட்டோ மொசெல்லா குழுவினர் 2015-இல் அறிவித்தனர். மை நாருக்குள் ஊறாமல் மேலே படிந்து சற்று மேடாக நின்றதே அதற்கு உதவியது.