பதிவேட்டை மாற்றுங்கள், படங்களை இழக்காதீர்கள்

கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. பாரத் தோட்டம் 1933-இல் தொடங்கியது. இங்கே கொழுந்து பறித்த குடும்பங்களின் கதை ஒரு காலத்தில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. தாத்தாவின் அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், லயத்து வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் என எல்லாம் அதற்குள் இருக்கும். இன்று அவை ஸ்கேன் செய்யப்பட்டு, கோயில் திருவிழா வீடியோக்களோடும் பிள்ளைகளின் பள்ளிப் படங்களோடும் வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. சில வீடுகளில் அந்த ஒரே இடத்தில் மட்டும்தான்.

அந்தக் கணினிக்கு இப்போது ஒரு சோதனை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்று பென் டிரைவைச் செருகினால், 'இந்த டிஸ்க் எம்.பி.ஆர். வகை, இதில் விண்டோஸ் ஏற்ற முடியாது' என்று திரை சொல்கிறது. உதவிக்கு வந்தவர், "இருப்பதை அழித்துவிட்டால் போட்டுவிடலாம்" என்கிறார். படங்கள் தொலைவது இந்த இடத்தில்தான். அழிக்காமலே வகையை மாற்ற வழி இருக்கிறது.

கிராணியின் பதிவேடு

எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என்பவை என்ன? தோட்டத்து ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று கிராணி ஒரு பதிவேடு வைத்திருப்பார். ஹார்ட் டிஸ்க்கிலும் 'சி' எங்கே தொடங்குகிறது, 'டி' எங்கே முடிகிறது என்று சொல்லும் பதிவேடு ஒன்று உண்டு.

எம்.பி.ஆர். 1983-இல் வந்த பழைய பதிவேடு. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கிவிடும். நான்கு முதன்மைப் பகுதிகளை மட்டுமே குறிக்க அதில் இடம் உண்டு. வழக்கமான டிஸ்க்குகளில் 2 டெராபைட்டுக்கு மேல் அதனால் எண்ண முடியாது. ஜி.பி.டி. புதியது. விண்டோஸில் 128 பகுதிகள் வரை ஏற்கும். முக்கியமாக, இதில் பதிவேடு இரண்டு. ஒன்று டிஸ்க்கின் தொடக்கத்திலும் அதன் நகல் டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும்.

பதிவேட்டைப் புதிதாக எழுதினால் லயத்தில் இருப்பவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை அல்லவா? இங்கும் அப்படித்தான். உங்கள் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மாற்றும் முன்

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு இணையான பிராசசர், டி.பி.எம். 2.0, யு.இ.எஃப்.ஐ. மூன்றும் தேவை. இவை இல்லாத பழைய கணினியில் பதிவேட்டை மாற்றி லாபமில்லை. எல்லாம் இருந்தும், விண்டோஸ் ஏற்றியபோது பழைய 'லெகசி' முறையில் ஏற்றப்பட்ட கணினிகளுக்கே இந்த வேலை உதவும்.

இரண்டாவது, முக்கியமான எல்லாவற்றையும் தனி வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்த பின் அதை இன்னொரு கணினியில் செருகி, பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல.

மூன்றாவது, மழை இடி நேரத்தில் தொடாதீர்கள். பதிவேடு பாதி எழுதியிருக்கும்போது மின்சாரம் போனால் வம்பு. மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைந்திருக்கட்டும். 'பிட்லாக்கர்' பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

மாற்றும் முறை

இதற்கான கருவியை மைக்ரோசாப்ட்டே 2017-இல் விண்டோஸ் 10-க்குள் வைத்துவிட்டது. காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். அதன் பெயர் 'எம்பிஆர்2ஜிபிடி'. ஆங்கிலத்தில் நடுவில் 2 என்ற எண்ணோடு, இடைவெளி விடாமல் எழுத வேண்டும். 'கமாண்ட் பிராம்ப்ட்'டை நிர்வாகி உரிமையோடு திறந்து, இந்தப் பெயருடன் 'வேலிடேட்', 'அலவ்ஃபுல்ஓஎஸ்' என்ற இரு சொற்களைச் சேருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு வேண்டும். இது சோதனை மட்டுமே, எதையும் மாற்றாது.

சோதனை தேறினால், 'வேலிடேட்' இருந்த இடத்தில் 'கன்வர்ட்' என்று எழுதி மீண்டும் கொடுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். உடனே கணினியை மறுபடி தொடங்கி, பயாஸ் அமைப்பில் 'லெகசி'யை 'யு.இ.எஃப்.ஐ.' ஆக மாற்றுங்கள். இதை மறந்தால் விண்டோஸ் திறக்காது. பலர் பயந்துபோவது இங்கேதான். படங்கள் போய்விடவில்லை, கணினி இன்னும் பழைய பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சோதனை தேறாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருந்தாலும், 'எக்ஸ்டென்டட்' பகுதி இருந்தாலும் இந்தக் கருவி மறுத்துவிடும். மேலும் இது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்குக்கு மட்டுமே. படம் மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது டிஸ்க் 2 டெராபைட்டுக்குள் இருந்தால் எம்.பி.ஆர். ஆகவே இருக்கட்டும். விண்டோஸ் 11 அதைப் படிக்கும்.

கைதவறிவிட்டால்

'டிஸ்க்பார்ட்' கருவியில் 'க்ளீன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயர் சுத்தமாக இருந்தாலும், அது பதிவேட்டையே துடைத்துவிடும். யாராவது அதைக் கொடுத்துவிட்டால் அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள், விண்டோஸும் ஏற்றாதீர்கள். பதிவேடுதான் போயிருக்கும், ஆட்கள் லயத்தில்தான் இருப்பார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தி, 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருளால் பழைய பகுதிகளைத் தேடலாம். அதே டிஸ்க்கில் புதிய விண்டோஸ் ஏறிவிட்டால், அது எழுதிய இடத்தில் இருந்த படங்கள் திரும்பாது.

விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றலாம். பாட்டி கொழுந்துக் கூடையோடு நிற்கும் படத்தை மறுபடி எடுக்க முடியாது. அதனால் முதல் வேலை நகல் எடுப்பது. பதிவேடு ஒரு நாள் காத்திருந்தாலும் பரவாயில்லை.