சிறுவர் வாலிபரிடை ஆன்ம பராமரிப்பு: அதற்குரிய பயிற்சி

பிள்ளைகளோடு பழகுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டுமோ, அன்பிருந்தால் போதாதோ என்று வினவுவார் பலர். அன்பின்றி இவ்வூழியம் நடவாது என்பது மெய்யே. ஆயினும் அன்பு மாத்திரம் உடையவர் செய்யும் பிழைகள் சிறியன அல்ல. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பள்ளி, விடுதி, மருத்துவமனை, சிறை முதலிய இடங்களில் ஆன்ம பராமரிப்புக்கென நியமிக்கப்படும் குருவைச் சேப்ளின் என்கிறோம். தூர் நகரத்து அத்தியட்சரான மார்ட்டின், தாம் ஞானஸ்நானம் பெறுமுன் போர்வீரராயிருந்த காலத்தில், குளிரில் நடுங்கிய இரவலன் ஒருவனுக்குத் தம் மேலாடையை இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது வரலாறு. அவ்வாடையைக் காத்து வந்த குருமாரின் பெயரே பின்னர் இவ்வூழியர்க்கு வழங்கலாயிற்று. எனவே, நடுங்குவோரைப் போர்த்துதல் அவர் கடமை என்பது அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது.

நடுங்கும் பிள்ளைகளை நாம் நெடுந்தூரம் சென்று தேட வேண்டுவதில்லை. திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டையே எடுத்துக்கொள்வோம். இரும்பு எஃகுச் சந்தைக்கு வரும் லாரிகள் ஒருபுறம், மணலியின் ஆலைகள் ஒருபுறம், கிழக்கே மீனவர் குப்பங்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவிற்று. அம்மாதம் 26-ஆம் நாள் இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிய, மக்கள் உறக்கம் கலைந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினர். அவ்விரவைக் கண்ட சிறுவன் ஒருவன், “இன்றிரவும் அந்த நாற்றம் வருமா, ஐயா?” என்று கேட்பானாயின் யாது விடை கூறுவது? “விசுவாசமாயிரு, ஒன்றும் வராது” என்பவர் தம் கையில் இல்லாததை வாக்களிக்கிறார். மீண்டும் ஒருமுறை வந்துவிடின், அவர் சொல்லோடு அவர் உரைக்கும் தேவனும் அச்சிறுவன் கண்ணில் பொய்யாவர். பயின்றவரோ முதலில் அவன் அச்சத்தைக் கேட்பார். அவன் பேசவியலாதாயின் படம் வரையவிடுவார், அன்றேல் உடன் விளையாடுவார். பெற்றோரோடு கலந்து, அபாயம் நேரின் எவ்வழி செல்வது, யார் கையைப் பற்றுவது என்று அவனுக்குத் தெளிவிப்பார். ஜெபம் இதன் பின்னர், அவன் விரும்பினால் வரும்.

இத்தகைய கல்வி எங்ஙனம் கிடைக்கும்? இத்தாலி தேசத்து ஜான் போஸ்கோ 1841-ல் குருப்பட்டம் பெற்றதும் பங்கு ஒன்றனை ஏற்றுக்கொள்ளாமல், தூரின் நகரில் இளங்குருமார்க்குரிய பயிற்சி இல்லத்திற் சேர்ந்து மூன்றாண்டு பயின்றார். அவர் ஆசானாகிய கபாசோ அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். விடுதலையான இளைஞர் சில நாளில் மீண்டும் அங்கேயே வருவதை அவர் கண்டார். வெளியே இவர்களுக்கு ஒரு நண்பன் இருந்திருப்பின் இவர்கள் இங்கு வந்திரார் என்னும் எண்ணம் அவர் உள்ளத்திற் பதிந்தது. தண்டித்துத் திருத்துவதினும் விழாமற் காப்பதே மேல் என்றும், அதற்கு அறிவு, சமயம், கனிவு என்னும் மூன்றும் தூண்கள் என்றும் 1877-ல் எழுதினார். அவர் நிறுவிய சலேசிய சபையார் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தனர். பின்னாளில் அச்சபைக் குருவாகிய மந்தோவானி வடசென்னை வியாசர்பாடியில் ஏழைகளுக்காக உழைத்தார்.

அமெரிக்காவில் அன்டன் பாய்சன் என்னும் போதகர், தாமே மனநோயால் வருந்தி மருத்துவமனையில் இருந்து மீண்டவர். அவர் 1925-ல் வேதசாஸ்திர மாணாக்கர் சிலரை வூஸ்டர் நகர மனநோய் மருத்துவமனைக்கு அழைத்து, துன்புறும் மனிதரையே நூலாகக் கொண்டு கற்கச் செய்தார். அதிலிருந்து வளர்ந்த பயிற்சி முறையில் மாணாக்கர், தாம் நடத்திய உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, ஆசிரியர் முன்னும் உடன் பயில்வோர் முன்னும் வைப்பர். எவ்விடத்தில் பிள்ளை பேச வாயெடுத்தது, எவ்விடத்தில் தாம் அவசரப்பட்டு வசனம் சொல்லி அதன் வாயை அடைத்தோம் என்பது அப்பொழுது விளங்கும். நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இவ்வகைப் பயிற்சி அளிக்கப்படுகின்றது.

பிறசமயப் பிள்ளைகள் பயிலும் நம் நிலையங்களில் இன்னொன்றும் அறியத்தக்கது. அரசாங்கத்தின் அங்கீகாரமோ உதவிப்பணமோ பெறும் கல்விக்கூடத்தில் எவரையும் அவர் சம்மதமின்றி, சிறுவராயின் காப்பாளர் சம்மதமின்றி, சமயபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தலாகாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு விதிக்கின்றது. துயருற்ற பிள்ளையின் கண்ணீரைத் தம் சமயத்துக்கு வாயிலாக்கிக் கொள்பவர் சட்டத்துக்கு மாத்திரமன்று, அன்புக்கும் பிழைசெய்தவராவர்.

யாவற்றினும் அரிய பாடம் இரகசியத்தைப் பற்றியது. “யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்யுங்கள், ஐயா, அப்பொழுதுதான் சொல்வேன்” என்று ஒரு பிள்ளை கேட்கும். அன்பு மாத்திரம் உடையவர் உடனே சத்தியம் செய்துவிடுவார். அப்பிள்ளை கூறுவது தன் உடலுக்கு ஒருவர் இழைத்த கொடுமையாயின் அவர் என் செய்வார்? பதினெட்டு வயது நிரம்பாதவர்மீது அத்தகைய பாலியற் குற்றம் நிகழ்ந்ததென அறிந்த எவரும் போலீசாருக்குத் தெரிவித்தே தீரவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தெரிவியாதார்க்குத் தண்டனையும் உண்டு. சொன்னால் பிள்ளைக்குக் கொடுத்த வாக்குப் பொய்க்கும். சொல்லாவிடின் கொடியவனுக்கு அவரே அரணாவர்.

ஆதலின் பயின்றவர் முன்னரே இவ்வாறு கூறுவார்: “தம்பி, நீ சொல்வதை வீண்பேச்சாக்க மாட்டேன். ஆனால் உனக்கு ஆபத்து என்று தெரிந்தால், உன்னைக் காக்கத் தக்கவரிடம் சொல்லுவேன். சொல்லுமுன் உனக்குத் தெரிவிப்பேன். உன்னை விட்டு நீங்கேன்.” இதைக் கேட்டுப் பிள்ளை அன்றைக்கு வாய்மூடிப் போதலும் கூடும். அவ்வாறு போகும் பிள்ளை தானே அழைக்கத்தக்க 1098 என்னும் எண்ணை அதற்குக் கற்பித்து, தாமும் காத்திருத்தல் வேண்டும். பொய் வாக்கினால் வாங்கிய நம்பிக்கையினும், மெய் சொல்லிக் காத்திருந்து பெறும் நம்பிக்கை வலியது.

குற்றம் செய்தவர் நம் நிலையத்தாராகவே இருப்பின், “பெயர் கெடும், மூடிவிடு” என்னும் குரல் எழும். உலகில் பல திருச்சபைகள் அக்குரலுக்குச் செவிகொடுத்துப் பிள்ளைகளைக் கைவிட்டதை நாம் அறிவோம். மார்ட்டின் தம் ஆடையால் போர்த்தியது குளிரால் நடுங்கியவனை. அவ்வாடையைக் கொண்டு குற்றத்தைப் போர்த்துவோர் அப்பெயருக்கு உரியர் ஆகார்.

நம் கல்லூரி மாணாக்கருள் இவ்வூழியத்தை நாடுவோர் சிலர் இருப்பர். அவர்கள் நன்றாகப் பிரசங்கிக்கக் கற்பார்களாக. அதனினும் நன்றாகக் கேட்கக் கற்பார்களாக. காக்கவியலாத வாக்கைக் கொடாதிருக்கவும் கற்பார்களாக.