கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு எந்த லேப்டாப்?



பிளஸ் டூ முடிவு வந்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால், நம் வீடுகளில் அடுத்த பேச்சு லேப்டாப் பற்றியதுதான். ஜும்ஆ முடிந்து அலுவலகத்துக்கு வரும் பெற்றோர், "எதை வாங்கலாம், எவ்வளவு ஆகும், அறக்கட்டளையில் உதவி கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு மாமல்லபுரத்திலிருந்து ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர் வந்தார். மகன் பி.காம். முதலாண்டு. வீடியோ கேம் ஆடுவோருக்கென்று செய்யப்படும் பெரிய லேப்டாப்பை 78,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். மனைவியின் சங்கிலி அடகுக் கடையில்; மீதிப் பணம் மாதத் தவணையில். சார்ஜரோடு சேர்த்து அது ஏறக்குறைய 3 கிலோ. பையனோ திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு தினமும் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவன். இரண்டு வாரம் தூக்கினான். பிறகு அது வீட்டிலேயே தங்கிவிட்டது. அவன் பாடத்துக்குத் தேவைப்பட்டவை டைப்பிங், எக்செல், டேலி ஆகியவைதான். பாதி விலையில் வாங்கியிருந்தால் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

நாங்களும் தவறியிருக்கிறோம். நன்கொடையாக வந்த பழைய லேப்டாப்புகளைச் சோதிக்காமல் மாணவர்களுக்குக் கொடுத்தோம். திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்று பாதிக்கு மேல் திரும்பி வந்தன. அதன் பிறகுதான் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டோம்.

முதலில் அரசு லேப்டாப்பைக் கேளுங்கள்

தமிழ்நாட்டில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அப்போது பெற்றவை இன்றும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. இடையில் நின்றுபோன பிறகு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் வழங்கும் பணி தொடங்கியது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் யாருக்கு, எந்த ஆண்டில் கிடைக்கும் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

கிடைக்காது என்றாலும் அவசரம் இல்லை. சேர்ந்த முதல் மாதம் கழியட்டும். அதே பாடம் படிக்கும் மூத்த மாணவர்களிடமும் துறை ஆசிரியரிடமும் என்னென்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். விடை கையில் இருந்தால் கடைக்காரர் சொல்லும் பெரிய பேச்சு நம்மை அசைக்காது.

பார்க்க வேண்டியவை நான்கு

ரேம்: ஒரே நேரத்தில் பல வேலைகளைத் திறந்து வைக்க உதவுவது இது. 8 ஜி.பி. இருக்கட்டும். 4 ஜி.பி. இன்று போதாது. பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது.

சேமிப்பு: பழைய ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. வேண்டும். ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தட்டு சுழல்கிறது. பேருந்தில் அடிபட்டால் பழுதாகும், வேகமும் குறைவு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. 256 ஜி.பி. போதும், 512 இருந்தால் வசதி.

பிராசசர்: கலை, வணிகம், அறிவியல் படிப்புகளுக்கு அண்மைத் தலைமுறை ஐ3 அல்லது ரைசன் 3 போதும். பி.சி.ஏ., கணினிப் பொறியியல் என்றால் ஐ5 அல்லது ரைசன் 5, ரேம் 16 ஜி.பி. நல்லது. சிவில், மெக்கானிக்கல், கட்டடக் கலை மாணவர்களின் வரைபட மென்பொருள்கள் கனமானவை. தனி கிராபிக்ஸ் தேவைப்படலாம். கல்லூரி ஆய்வகத்திலேயே அந்த வேலையை முடிக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். ஆப்பிள் வாங்க நினைப்பவர்கள், விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் பாடத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை: நம் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் பேருந்திலும், செங்கல்பட்டுப் பிள்ளைகள் மின்சார ரயிலிலும் வண்டலூர், தாம்பரம், சென்னை என்று போய் வருகிறார்கள். 14 அங்குலத் திரையும் ஒன்றரை கிலோ எடையும் அளவாக இருக்கும். கடையில் வாங்கும் முன், சார்ஜரோடு பையில் போட்டுப் பிள்ளையின் தோளில் மாட்டிப் பாருங்கள். டைப்-சி வழியே சார்ஜ் ஆகும் மாடல் என்றால் சுமை இன்னும் குறையும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும் திங்க்பேட், லேட்டிடியூட், எலைட்புக் போன்றவை உறுதியாகச் செய்யப்பட்டவை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல் பிராசசர் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். ஐ5 என்பதை அடுத்துள்ள எண் 6, 7 என்று தொடங்கினால் தவிர்த்துவிடுங்கள்.

கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எல்லா விசையையும் அழுத்துங்கள். கேமரா, மைக், வைஃபை, சார்ஜர் துளை, திரை மடங்கும் கீல் ஆகியவற்றைச் சோதியுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கவனியுங்கள். பில்லும் எழுத்து மூலமான உத்தரவாதமும் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாத பொருள் யாருடையது என்று நமக்குத் தெரியாது.

அண்ணன் காலத்து அரசு லேப்டாப் வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். எஸ்.எஸ்.டி. மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் எளிய லினக்ஸ் ஏற்றினால், பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைக்கு டைப்பிங் பழகப் பயன்படலாம். கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபிஸ் இலவசமே.

'வட்டியில்லாத் தவணை'யா?

கடைகளில் 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' என்ற பலகையைப் பார்க்கிறோம். பெரும்பாலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்குக் கடைக்காரரோ நிறுவனமோ விலையில் தள்ளுபடி தருகிறார்கள். அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும், சில சமயம் பிராசசிங் கட்டணமும் நம் தலையில் விழும். சுழிய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு கட்டணமாக மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ரொக்கமாகக் கொடுத்தால் விலை என்ன? தவணையில் கடைசி வரை கட்டும் மொத்தத் தொகை என்ன? மார்க்கத்தின்படி கூடுமா என்ற சந்தேகத்தை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வாங்கிய பின்

கடலோர வீடுகளில் உப்புக் காற்று இரும்பையே அரிக்கிறது. லேப்டாப்பைக் கடல் பக்க ஜன்னலோரத்தில் திறந்து வைக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் வையுங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் காற்றுத் துளை அடைத்துச் சூடேறும். பாடக் கோப்புகளுக்கு எப்போதும் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

அறக்கட்டளை செய்யக்கூடியது

பாடத்துக்குத் தேவையான அளவு லேப்டாப்புக்கு வட்டியில்லாக் கடன் தருகிறோம். சேர்க்கை ரசீது, துறை ஆசிரியர் எழுதித் தந்த தேவைப் பட்டியல், ரொக்க விலைச் சீட்டு ஆகியவற்றோடு வாருங்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பம் என்றால் தனியாக வந்து சொல்லுங்கள், வெளியே தெரியாது. பழையது வாங்குவோருக்குச் சோதித்துப் பார்க்க, கணினி தெரிந்த நம் இளைஞர் ஒருவரை உடன் அனுப்பி வைப்போம்.

அந்த ஆட்டோ சகோதரர் பெரிய லேப்டாப்பை விற்றுவிட்டு, எடை குறைந்த பழையது ஒன்றை வாங்கினார். விற்றதில் நஷ்டம்தான். சங்கிலியை மீட்க எட்டு மாதம் ஆனது. பையன் இப்போது அதைத் தினமும் கல்லூரிக்கு எடுத்துப் போகிறான். இந்த ஆண்டு கடைக்குப் போகும் முன் ஒருமுறை எங்களிடம் வந்து போங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த எட்டு மாதமாவது உங்களுக்கு மிச்சமாகும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்