கியர்பாக்ஸ் போச்சுன்னாங்க... போனது பேட்டரி!

"கியர் ஆக்சுவேட்டர் மாத்தணும் சார், 42,000 ஆகும்."

போன மாசம் சர்வீஸ் சென்டர்ல சொன்னது இது. என் சம்பளத்துல பாதிக்கு மேல! எமர்ஜென்சி ஃபண்டைத் தொடலாமா, கிரெடிட் கார்டுல இஎம்ஐ போடலாமான்னு கணக்குப் போடவே ஆரம்பிச்சுட்டேன்.

என்னோடது ஏழு வருஷப் பழைய ஏஎம்டி கார். காலையில கஷ்டப்பட்டு ஸ்டார்ட் ஆகும், ஆனா நியூட்ரல்ல இருந்து டிரைவுக்கு மாறாது. ஆஃப் பண்ணி ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணா சரியாயிடும். பழுதான ஆக்சுவேட்டர் இப்படி தினமும் தானா சரியாகுமா? அங்கதான் சந்தேகம் வந்துச்சு.

ஏஎம்டிக்குள்ள இருக்கறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்தறதையும் கியரைத் தள்ளறதையும் நம்ம காலுக்கும் கைக்கும் பதிலா மோட்டார், பம்பு, வால்வு எல்லாம் சேர்ந்து செய்யுது. இதெல்லாம் ஓடறது 12 வோல்ட் கரண்ட்ல. பேட்டரி வீக்கா இருந்தா, ஸ்டார்ட் பண்ணும்போது வோல்டேஜ் சட்டுனு விழும். கியரைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் அதைக் கோளாறுன்னு எடுத்துக்கிட்டு கியர் மாத்த மறுத்துடும். முழு ஆட்டோமேட்டிக் கார்கள்ல, பார்க்ல இருந்து லீவரை விடுவிக்கிற பூட்டும் கரண்ட்லதான் திறக்கும். மேனுவல் கார் வச்சிருக்கீங்களா? உங்க கியர் பிரச்சினைக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்ல.

பேட்டரி கடையில மீட்டர் வச்சுப் பார்க்க ரெண்டு நிமிஷம்கூட ஆகல. ராத்திரி முழுக்க நின்ன கார்ல 12.6 வோல்ட் காட்டினா நல்ல பேட்டரி. 12.2ன்னா சார்ஜ் பாதிதான். ஸ்டார்ட் பண்ணும்போது 9.6க்குக் கீழ போகக்கூடாது. எனக்கு 8.7! இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கணும். இல்லன்னா ஆல்டர்னேட்டரைப் பாருங்க, புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிடும். வோல்டேஜ் எல்லாம் சரியா இருந்தும் கியர் மாறலன்னா, அப்போ ஆக்சுவேட்டர், கிளட்ச் பக்கம் போகலாம். அதுக்கு முன்னாடி ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க.

புது பேட்டரி 4,800, பழசுக்கு 700 கழிச்சாங்க. வாங்கும்போது வாரண்டி கார்டைப் படிங்க. "48 மாசம்"னு பெருசா போட்டிருந்தாலும், பல பேட்டரிகளுக்கு முதல் பாதியிலதான் இலவசமா மாத்தித் தருவாங்க. மீதி மாசங்களுக்கு விலையில ஒரு பங்கு தள்ளுபடி மட்டும்தான். கடைக்காரர் கார்டுல தேதி எழுதி சீல் வைக்காம நகராதீங்க, எனக்கே கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு.