குழாயில் காற்று வந்தால்?

வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். டயாலிசிஸுக்கு ஆளைக் கூட்டிச் செல்பவர்களுக்குத்தான் அந்த அலைச்சல் தெரியும். வேன் நேரத்தோடு வந்துவிட்டாலும் தாதி உடனே ஊசி குத்துவதில்லை. சலித்துக் கொள்ளாதீர்கள்.

முதலில் அவர் உப்புநீரை ஓடவிட்டுக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றுகிறார். வடிகட்டிக்குள் மயிரிழை போன்ற குழல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் குமிழிகள் ஒட்டிக் கொள்ளும். வடிகட்டியை நிமிர்த்திப் பிடித்துக் கையால் தட்டினால் அவை மேலேறிப் போய்விடும்.

இரத்தம் உடலுக்குத் திரும்பும் வழியிலும் ஒரு சிறு கூடு இருக்கிறது. அங்கே காற்று மேலே தங்க, இரத்தம் அடிவழியே இறங்கும். தப்பி வரும் குமிழியை ஒலியலைக் கருவி கண்டுபிடித்ததும் பம்பு நிற்கும், கவ்வி குழாயை இறுக்கும், இயந்திரம் அலறும். காற்று இதயத்துக்கோ மூளைக்கோ போனால் உயிருக்கே ஆபத்தல்லவா?

அலறலுக்கு வேறு காரணங்களும் உண்டு. எதுவானாலும் பொத்தானை அமுக்காதீர்கள், குழாயைத் தொடாதீர்கள், தாதியைக் கூப்பிடுங்கள். நோயாளிக்கு மூச்சுத் திணறலோ நெஞ்சடைப்போ திடீர் இருமலோ வந்தால், இயந்திரம் சும்மா இருந்தாலும் உடனே சொல்லுங்கள்.